காட்டாத முழங்கால்

ஜூன் 3, செவ்வாய்

தினமும் எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எத்தனை மணி, தலை சுற்றியதா இல்லையா. அதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியாகிவிட்டது. வாராவாரம் படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்ப வேண்டிய நோட்டு அது. இது வேறு. உரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, ஒரு வரிகூட எழுதாமல் மேசையில் கிடந்தது. இது எங்கும் போகாது.

பதினொரு மணிக்கு முதல் பேச்சு. போனை எடைத்தராசின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டேன். டாக்டர் பெயர் ஜெமிமா. என்னிடம் சரக்கு வாங்கும் சென்னைக்காரர் ஒருவர் சொல்லி விட்ட ஆள். ரத்தம் எடுக்கப் போன மாதமே வீட்டுக்கு ஆள் வந்து போனது. முடிவு வந்தபிறகுதான் இந்தப் பேச்சு.

"போதுமணி, வயசு அம்பத்திமூணு, போடிநாயக்கனூர், ஏலக்காய் வியாபாரம். சரியாம்மா?" என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஏலக்காய் என்றதும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு டப்பா கிடைக்குமா என்று கேட்கப் போகிறார், எல்லாரும் கேட்பதுதானே என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"தோட்டத்துல உண்ணி கடிச்ச ஞாபகம் உண்டா?"

உண்டு. போன நவம்பரில், பூப்பாறைக்கு மேலே எங்கள் தோட்டத்தில். முழங்காலுக்குப் பின்னால் என்னமோ ஒட்டியிருக்கிறது என்று வீட்டுக்காரர்தான் பார்த்துப் பிடுங்கிப் போட்டார். மிளகில் பாதிகூட இருக்காது.

"அதைச் சுத்திச் செவப்பா வட்டம் வந்துச்சா?"

இல்லை என்றேன். நான் பார்க்கவில்லை.

பிறகு காய்ச்சல் வந்ததும், தேனியில் உண்ணிக் காய்ச்சல் என்று ஐந்து நாள் மாத்திரை கொடுத்ததும், காய்ச்சல் போய் மூட்டுவலி வந்ததும், தலை சுற்றுவதும், வலக்கை விரல் நுனி மரத்துப் போனதும் எல்லாம் சொன்னேன். ஆறு டாக்டர் பார்த்தாகிவிட்டது. ஆறாவது ஆள், "மனசுதாம்மா காரணம், காலையில நடந்துட்டு வாங்க" என்றார். மதுரைக்குக் காரில் போனபோது ஆண்டிபட்டி தாண்டவில்லை, ஏழு தடவை வாந்தி. திரும்பி வந்து இரண்டு நாள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தேன். இனி எந்த டாக்டரையும் போனில் பார்த்தால்தான் உண்டு.

இவர் சொன்னார்: "இது லைம்ங்கிற நோய். நம்ம பக்கம் அபூர்வம். அதனால முன்னாடி பார்த்தவங்க மேல கோபப்படாதீங்க. உங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்ல, உடம்புலதான் இருக்கு." ஏழு மாதமாக ஒருவரும் சொல்லாத வார்த்தை. தராசைத் துடைக்கிற மாதிரி போனைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டேன்.

நாலு வாரம் மாத்திரை. அப்புறம் இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பது. முட்டியில் வீக்கம் இருந்தால் நரம்பில் ஊசி போடவேண்டும், மதுரையிலோ சென்னையிலோ ஒரு மாதம் தங்க வேண்டியிருக்கும் என்றார்.

"வீக்கம் இருக்காம்மா?"

"இல்லைங்க டாக்டர்."

"மலைக்கு எப்பப் போகலாம்?" என்று கேட்டேன்.

"ஆறு வாரம் கழிச்சும் வீக்கம், தலைசுத்தல் ரெண்டும் இல்லைன்னா மெதுவாப் போய்ட்டு வரலாம்."

ஆறு வாரம் என்றால் ஜூலை பதினைந்து. முதல் காய் எடுப்பு அந்த வாரம்தான் தொடங்கும். கணக்கு சரியாக வருகிறது.

ஜூன் 4, புதன்

டாக்டர் நோட்டில்: வலி 3. இதில்: 7. இடது முழங்கால் தேங்காய் மாதிரி இருக்கிறது.

ஜூன் 7, சனி

மலைக்கு ஏறும் நாலு மணி ஜீப் சத்தம் கேட்டது. சன்னலைச் சாத்தினேன். தூசி.

இந்த ஊருக்கு எங்களைப் பற்றிப் பேச ஒரு விஷயம் உண்டு. புருஷன் மலையில், பெண்டாட்டி கீழே. தோட்டம் வாங்கிய வருஷம் "ஒரு பருவம் இருந்து பார்த்துட்டு வாரேன்" என்று போனவர், பதினாலு வருஷமாக அங்கேயே இருக்கிறார். எனக்குக் கீழே குடோன், ஏல மையம், வியாபாரம். நான் சனிக்கிழமை ஏறி, திங்கள் விடியற்காலை இறங்குவேன். வாரத்தில் ஒன்றரை நாள். மூன்று பேர் என்னிடம் நேரிலேயே கேட்டிருக்கிறார்கள், இது என்ன குடும்பம் என்று. தினமும் ஒரே வீட்டில் இருக்கிற உங்கள் குடும்பத்தில் வாரத்துக்கு ஒன்றரை நாள் பேசிக்கொள்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அப்புறம் ஒருத்தரும் கேட்பதில்லை. பிள்ளை இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை.

டிசம்பர் கடைசியில் ஏறியதுதான். அதற்கப்புறம் இல்லை. அவர் மார்ச்சில் ஒரு தடவை இறங்கி வந்தார். நான் எழுந்து நடமாடி, மீன் குழம்பு வைத்து, அன்றே அனுப்பிவிட்டேன். அவர் போனபிறகு படுத்தது நாலு நாள்.

ஆறு மணிக்குப் போன் செய்தார்.

"எப்புடிப்புள்ள இருக்க?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். அங்க மழையா?"

"ரெண்டு நாளா விடாம ஊத்துது. கால்வலி?"

"அது கெடக்கு. காய்ச்சரம் எறங்கியிருக்கா?"

"எறங்கியிருக்கு. வடக்குப் பாத்தியில நல்ல சரம்."

வடக்குப் பாத்திக்குக் கீழே ஓடை. இந்த மழைக்கு ஓடையில் சத்தம் இருக்கும். போனில் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

குடோனில் இன்று ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். வெடித்த காய், கறுத்த காய், பொக்குக் காய் பிரித்தோம். நான் நாற்காலியில் இருந்தே பார்த்தேன்.

விற்க வருகிறவர்கள் மூட்டையின் வாயில் எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக் காயைப் பரப்பி வைத்திருப்பார்கள். நான் அதைப் பார்க்கவே மாட்டேன். சேலையைச் செருகிக்கொண்டு தோள்வரை கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பேன். கிள்ளினால் ஈரம் எத்தனை என்று விரல் சொல்லும். முப்பது வருஷத்துக்கு முன் இதே தெருவில் இன்னொருவர் குடோனில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை இந்த நாற்காலிக்குக் கொண்டு வந்தது அந்த விரல்தான். இன்று ஒருவர் சாக்கில் கையை விட்டேன். காயைக் கிள்ளினேன். ரப்பரைக் கிள்ளுவது மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல சரக்காகவும் இருந்திருக்கலாம்.

ஒச்சம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்துக் குடோனில் என் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கியவள். இப்போது எனக்கு மேஸ்திரி. ஆட்கள் முன்னால் அக்கா என்பாள், தனியாக இருந்தால் ஏய்தான்.

"ஏய் போது, கையி வேல செய்யலையா?"

"சோலியப் பாரு."

"நான் பாக்குறேன். நீ எதப் பாக்குற?"

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரோடு இரண்டாவது பேச்சு. ஒன்பது மணிக்கே தலைக்குக் குளித்து, வலிக்கு இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டேன். பதினொன்றுக்குச் சரியாக வேலை செய்யும். நீலச் சேலை, கொஞ்சம் பவுடர். ஒச்சம்மா வாசலில் நின்று பார்த்து, "பொண்ணு பாக்க வாராகளா?" என்று கேட்டாள். வெளியே போகச் சொன்னேன்.

டாக்டர் முகத்தைப் பார்த்ததும், "நல்லா தெளிஞ்சிருக்கீங்க" என்றார். நோட்டைப் பார்த்து, வலி மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

"முட்டியைக் கேமராவுல காட்டுங்கம்மா."

காட்டினேன். சேலையை ஒரு சாண் உயர்த்தி, விளக்கு வெளிச்சத்தில். வலது முழங்கால்.

"ரொம்ப நல்லா இருக்கே."

நல்ல கால்தான் அது.

ஜூன் 18, புதன்

கரண்ட் இல்லை. வலி 8. இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 28, சனி

மலையிலிருந்து சாக்கு வந்தது. மாயழகு ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். தினம் விடிவதற்குள் ஆட்களை மலைக்கு ஏற்றிப்போய் மாலையில் இறக்குவது அவன்தான். சாக்கில் மிளகு, கொஞ்சம் காப்பிக்கொட்டை, ஒரு கட்டு மலைப்பூண்டு. அவர் எதற்கும் இரட்டை முடிச்சுப் போடுவார். அவிழ்க்க எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒச்சம்மா கத்தியைக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன்.

போனில்:

"நான் ஒரு எட்டு வந்துட்டுப் போகவா?"

"எதுக்கு? எடுப்பு வருது. உலைக்கு வெறகு சேத்தாச்சா?"

"சேத்தாச்சு."

"பெறகென்ன. காயக் காயவைக்கிற நேரத்துல ஆள் இல்லாட்டி நெறம் போயிரும். அங்கேயே இருங்க."

"சரி."

எப்போதும் சரி என்று சொல்லிவிடுவார். ஒரு தடவை கொஞ்சம் அடம் பிடித்தால் என்ன என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். ஜூலை பதினைந்துக்கு இன்னும் பதினேழு நாள். நானே போய் நிற்கப் போகிறேன், அதற்குள் அவர் வந்து என்ன.

ஜூலை 15, செவ்வாய்

அனுமதி கிடைத்துவிட்டது.

இரண்டு மாத்திரை போதாது என்று இன்று மூன்று. முகம் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று ஒச்சம்மாவைக் கதவருகில் நிறுத்தி, டாக்டர் பேசும்போது அவளைப் பார்த்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

"ஆறு வாரம் ஆச்சு. வீக்கம் இல்ல, சுத்தல் இல்ல. மெதுவாப் போயிட்டு வாங்கம்மா. முன் சீட்ல உக்காருங்க. ஏதாவதுன்னா உடனே போன் பண்ணுங்க." பிறகு, "இவ்வளவு சீக்கிரம் சரியான பேஷண்ட்டை நான் பார்த்ததில்ல" என்றார்.

போனை வைத்ததும் ஒச்சம்மா உள்ளே வந்தாள்.

"சாக்கு வாயில பச்சக் காயப் பரப்புறவன அம்புட்டுத் திட்டுவியே. இப்ப நீ டாக்டருக்கு என்னத்தக் காட்டுற?"

"எனக்கு மலைக்குப் போகணும்டி."

"போயி?"

போய் என்ன. போய் உட்கார வேண்டும். அவர் உலையடியில் விறகு தள்ளுவார், நான் எதிரில் முக்காலியில். பேச்சு பெரிதாக இருக்காது. காய் காயும்போது வரும் சூடும் வாசனையும். பன்னிரண்டு மணி நேரம் அப்படியே இருந்திருக்கிறோம்.

ஜூலை 19, சனி

அவரிடம் சொல்லவில்லை. போய் நின்று காட்டலாம் என்று நினைத்தேன்.

காலை ஐந்தரைக்கு மாயழகு வந்தான். முன் சீட்டை எனக்கு ஒதுக்கியிருந்தான். பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள் எட்டுப் பேர். "முதலாளியம்மா மலைக்கு வாரதே அழகுதான்" என்று ஒருத்தி சொன்னாள். முந்தல் சோதனைச் சாவடி வரைக்கும் ஒன்றுமில்லை. நேர் ரோடு.

முதல் வளைவில் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவதில் மலை கீழேயும் ரோடு மேலேயும் போயிற்று. மூன்றாவதில் நிறுத்தச் சொன்னேன். இறங்கக் காலை மடக்க முடியவில்லை. இரண்டு பெண்கள் தூக்கி இறக்கினார்கள். வாந்தி எடுத்தேன். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்காரவைத்தார்கள். ஒருத்தி முந்தானையால் விசிறினாள். எட்டுப் பேருக்கும் அன்றைய எடுப்புக்கு நேரமாகிறது, ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அங்கிருந்து பார்த்தால் மேலே பனி மூடின பகுதி தெரியும். அதற்குப் பின்னால்தான் எங்கள் தோட்டம்.

எதிரே இறங்கி வந்த காய்கறி வண்டியில் என்னைப் படுக்கவைத்து அனுப்பினார்கள்.

"அவருக்குச் சொல்லக் கூடாது" என்று மாயழகிடம் சொன்னேன்.

"சொல்லலக்கா" என்றான்.

ஜூலை 20, ஞாயிறு

படுக்கை.

ஜூலை 21, திங்கள்

படுக்கை. ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. ஒச்சம்மா போட்டுவிட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. இவள் திட்டாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரை போடவில்லை. குளிக்கவில்லை. கட்டிலில் படுத்தபடியே போனைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு?" என்றார்.

"இன்னைக்கு வேற கால் காட்டுறேன் டாக்டர்."

காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது எப்பலருந்து?"

"நீங்க மொதல் நாள் கேட்டீங்களே, அதுக்கு மூணு மாசம் முன்னாடியிருந்து."

"நோட்டு?"

"அது நான் உங்களுக்காக எழுதினது."

கோபப்பட்டார். சத்தம் போடவில்லை, ஆனால் கோபம். "நான் ஐநூறு கிலோமீட்டர் தள்ளி உக்காந்திருக்கேன்மா. உங்க முட்டியை என் கையால தொட முடியாது. அமுக்கிப் பார்க்க முடியாது. நீங்க சொல்றது மட்டும்தான் எனக்குக் கை. அந்தக் கையை நீங்களே கட்டிப் போட்டுட்டீங்க. ஏன்?"

"மலைக்கு விடமாட்டீங்கன்னு."

"ஊசி போட்டிருந்தா இந்நேரம் கோர்ஸ் முடிஞ்சிருக்கும்."

"ஒரு மாசம் மதுரையில கெடக்கணும்னீங்களே."

"வீட்டுக்கே நர்ஸை வரவைக்க வழி இருக்கான்னு கேட்டிருந்தா பார்த்திருப்பேன். நீங்க கேட்கவே இல்லையே."

முப்பது வருஷம் பேரம் பேசியவள் நான். எதிராளி சொன்ன முதல் வார்த்தையோடு எழுந்து வந்த ஒரே பேரம் இதுதான்.

பிறகு அவர் ஏற்பாடுகளைச் சொன்னார். நாளையே போடியில் இருதயப் படம். முதல் ஊசி உள்ளூர் கிளினிக்கில், ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க. மற்றவை வீட்டில், நர்ஸ் வந்து, மொத்தம் இருபத்தெட்டு நாள். கடைசியாக ஒரு நிபந்தனை. ராத்திரி பகல் கூட இருக்க ஓர் ஆள் வேண்டும். நோட்டை அந்த ஆள்தான் எழுத வேண்டும்.

"நீங்க எழுதக் கூடாது. உங்களை நம்பி நான் இனிமே ஊசி போட மாட்டேன். வீட்டுல யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"கணவர்?"

"மலையில இருக்காரு. எடுப்பு நேரம்."

"கூப்பிடுங்க" என்றார். ஏதோ பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடச் சொல்வது மாதிரி.

ஜூலை 23, புதன்

இருதயப் படம் எடுத்தாயிற்று. பாதகமில்லை என்று டாக்டர் செய்தி அனுப்பினார். அடியில்: "கூப்பிட்டீங்களா?"

ஒச்சம்மாவைக் கூட இருக்கச் சொல்லலாம். அவள் வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார் இருக்கிறாள். சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம். வைக்கலாம்தான்.

மூன்று தடவை நம்பரை எடுத்து மூன்று தடவை வைத்தேன். கல்யாணம் ஆகி இருபத்தொன்பது வருஷத்தில் அவரிடம் வா என்று நான் சொன்னதில்லை. போ என்று சொல்லியிருக்கிறேன், இரு என்று சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்று நிறையச் சொல்லியிருக்கிறேன். போய் நிற்கிறவள் நானாகத்தான் இருந்திருக்கிறேன்.

சாயங்காலம் பேசினேன்.

"ஏங்க. எனக்கு ஒடம்பு சொகமில்ல."

"ம்."

"கொஞ்சம் இல்ல. நல்லாவே சொகமில்ல. நடக்க முடியல."

"ம்."

"நீங்க வாங்க."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சனிக்கெழமையே பைய எடுத்து வச்சுட்டேன்" என்றார்.

"மாயழகு சொல்லிட்டானா?"

"அன்னைக்குக் காலையிலயே சொல்லிட்டான்."

"பெறகு ஏன் வரல? அஞ்சு நாளாச்சு."

"நீ வேணாம் வேணாம்னு சொன்னவ. அந்தக் கடைத்தெருவுல ஒனக்கு ஒரு மரியாத இருக்கு, நான் சேறுங்காலோட வந்து நிக்கிறது ஒனக்குப் புடிக்கலையோன்னு இருந்தேன். எத்தன வருசமா அப்புடித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

இதை எழுதி முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. விரல் மரத்துப் போனதால்.

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டார். உலையைப் பக்கத்துத் தோட்டத்துத் தங்கச்சனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறார். காய் நிறம் போகும். போகட்டும்.

என் காலைப் பார்த்துவிட்டு, வெளியே போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

ஜூலை 26, சனி

இரண்டாவது ஊசி. டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் பேசுவார், இன்று வீட்டுக்காரருக்காகவே பேசினார். நான் கட்டிலில். போன் இவர் கையில். கண்ணுக்கு ரொம்பக் கிட்டே பிடித்துக்கொண்டார், டாக்டருக்கு மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"அவங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க ஐயா."

நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். இன்று பேசினார். "தூக்கத்துல எடது காலத் தூக்கித் தூக்கி வைக்கிறாக. காலையில எந்திரிச்சா வலது கையில டம்ளர் நிக்கல, எடது கைக்கு மாத்திக்கிறாக. பேசிக்கிட்டே இருக்கும்போது ஒரு சொல்லு மறந்து போகும், அது நமக்குத் தெரியக் கூடாதுன்னு இருமுவாக. மார்ச்சு மாசமே இருமுனாக. எனக்கு மீன் கொழம்பு வச்சுட்டு, முள் எடுக்க முடியாம சாப்புடாமலே எந்திரிச்சாக."

மார்ச்சில் நான் சாப்பிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உண்ணி கடிச்ச இடத்துல ஏதாவது பார்த்தீங்களா?"

"வட்டமா செவப்பு. நடுவுல வெளுப்பு. உள்ளங்கை அகலம். பத்து நாள் கெடந்துச்சு. இவககிட்டச் சொன்னேன். சேலக் கொசுவம் ஒரசுதுன்னாக."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இதை எட்டு மாசமா ஒருத்தரும் யார்கிட்டயும் சொல்லலையே."

"என்னைய யாரும் கேக்கல டாக்டர்."

முழங்காலின் பின்பக்கத்தை ஒருத்தி தானாகப் பார்க்க முடியாது. அதைப் பார்க்கக் கூடிய ஒரே ஆளைத்தான் நான் மலையிலேயே இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பன்னிரண்டாவது ஊசி. நர்ஸ் நல்ல பெண், கை லேசு. நோட்டை இவர் எழுதுகிறார். கோணல் எழுத்து. "வலி 7. கேட்டால் 4 என்கிறாள். 7." என்று எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இவருக்கு இந்த ஊர்ச் சூடு ஒத்துவரவில்லை. தரையில் தண்ணீர் தெளித்து அதன்மேல் படுக்கிறார். குடோனுக்குப் போய் உட்காரச் சொன்னேன். பெண்கள் பேச்சு தாங்கவில்லை என்று அரை மணியில் திரும்பிவிட்டார். ஒச்சம்மா, "எங்க அண்ணன மரத்துல இருந்து புடுங்கிக் கொண்டாந்து தொட்டியில வச்ச மாதிரி இருக்கு" என்றாள். இவர் சிரித்தார். நானும்.

வீக்கம் பாதி இறங்கியிருக்கிறது. சிரித்தால் வலிப்பதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்றோடு இருபத்தெட்டு. இன்று டாக்டர் பேசினார். இரண்டு முழங்காலையும் காட்டச் சொன்னார். இரண்டையும் காட்டினேன்.

"கிருமி பெரும்பாலும் போயிருக்கும். வீக்கம் இறங்கினது நல்ல அடையாளம். ஆனா விரல் மரப்பு, தலைசுத்தல், இந்த அசதி, இதெல்லாம் மெதுவாத்தான் குறையும். சிலருக்கு மாசக்கணக்கு, சிலருக்கு அதுக்கும் மேல. இனிமே மருந்தைக் கூட்டிக்கிட்டே போறதுல பிரயோஜனம் இல்ல. அப்படிப் போடுறோம்னு யாராவது சொன்னாப் போகாதீங்க."

"மலை?"

"தெரியலம்மா."

"ஒரு தேதி சொல்லுங்க."

"சொன்னா நீங்க அந்தத் தேதிக்கு எனக்குச் சரக்கு ரெடி பண்ணிடுவீங்க."

விலை தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்கிற ஆளை என் தொழிலில் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் மூன்றாவது.

சாயங்காலம் தங்கச்சன் போன் செய்தான். இரண்டாவது எடுப்பு தொடங்க வேண்டும், வடக்குப் பாத்தியில் காய் பழுத்து அணில் தின்கிறது என்றான். இவர், "நான் வரல, இங்க இருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு வாசலில் போய் நின்று மலைப்பக்கம் பார்த்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நான்தான் போகச் சொன்னேன். இந்தத் தடவை வேண்டாம் என்பதற்காக இல்லை. அதையும் சொன்னேன். வாயால் சொல்வது பழகிவிட்டால் அவ்வளவு கஷ்டமில்லை.

"எடுப்பு முடிஞ்சதும் வாங்க."

"வாரேன்."

"நான் சொகமாயிட்டேன்னு போன்ல சொன்னாலும் வாங்க."

"அப்பத்தான் கண்டிப்பா வரணும்" என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

விடியற்காலை ஜீப் வந்தது. தெருமுனை வரை நடந்தேன். இவர் கையைப் பிடிக்க வந்தார், வேண்டாம் என்றேன், அப்புறம் பிடித்துக்கொண்டேன். முன் சீட்டில் ஏறினார். ஜீப் திரும்பியதும் எனக்குத் திரும்பத் தெம்பில்லை. ஒச்சம்மா குடோன் நாற்காலியைத் தெருமுனைக்கே தூக்கிவந்து போட்டாள். சைக்கிளில் போகிறவர்கள் வணக்கம் சொன்னார்கள். நான் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பனி இல்லை.

கால் மணி கழித்து நானே போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க?"

"முந்தல் தாண்டியாச்சு. ஏன், தல சுத்துதா?"

"இல்ல. சும்மா. என்ன தெரியுதுன்னு சொல்லிக்கிட்டே போங்க."

"என்னத்தச் சொல்ல?"

"கண்ணுல படுறதச் சொல்லுங்க."

அவருக்குக் கூச்சம். பின்னால் எட்டுப் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். தொண்டையைச் செருமினார்.

"மொத வளைவு. ஒரு லாரி நிக்கிது, டயர் மாத்துறான். ... ரெண்டாவது. பாறையில தண்ணி வடியுது. பெருசா இல்ல, நூலு மாதிரி. ... மூணாவது." கொஞ்சம் நிறுத்தினார். "இங்கதான் ஒன்னைய எறக்குனாகளாம், மாயழகு காட்டுறான். அந்தச் சொவத்துல இப்ப ஒரு கொரங்கு குட்டியோட ஒக்காந்துருக்கு."

பின்னால் பெண்கள் சிரிப்பது கேட்டது.

"மேல போங்க."

"நாலாவது. கீழ போடி தெரியுது. சின்னதா. ... அஞ்சு. காத்து ஆரம்பிச்சுருச்சு, கேக்குதா?"

கேட்டது. போனை இன்னும் நெருக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினேன், தலை சுற்றவில்லை. ஆறாவதில் தேயிலை ஏற்றின வண்டி ஒதுங்கி வழிவிட்டது. எட்டாவதில் யாரோ பலாப்பழம் விற்கிறார்கள், வாசனை வருகிறது என்றார். ஒன்பதாவதில் குளிர ஆரம்பித்துத் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார். பத்தாவதில், "இந்தா, இப்பத்தான் வெயில் மல மேல..." என்றார்.

சிக்னல் போய்விட்டது. மேலே இன்னும் ஏழு வளைவு இருக்கிறது, அப்புறம் மாநில எல்லை, அப்புறம் நம்ம பாதை.

ஒச்சம்மா, "உள்ள போவமா?" என்று கேட்டாள்.

"இரு. இன்னும் போய்ச் சேரல" என்றேன்.